தேர்ந்தெடுத்தது யார், பார்த்தது எவ்வளவு?

கோவா, திருவனந்தபுரம், சென்னை, புதுச்சேரி திரைப்பட விழாக்களின் தேர்வுக் குழுக்களில் இருந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும், புதுச்சேரியின் தட்டாஞ்சாவடியிலிருந்து எழுதுகிறேன்.

2024 நவம்பரில் கோவாவில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவுக்கு 384 முழுநீளப் படங்கள் வந்திருந்தன. இடம் கிடைத்தது 25 படங்களுக்கு. அந்த 25இலும் ஐந்து இடங்கள் வெகுஜனப் படங்களுக்கானவை. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', 'கல்கி 2898 ஏடி' போன்றவை அந்த வழியில் வந்தவை. மிச்சமிருந்த இருபது இடங்களுக்குத்தான் நாட்டின் எல்லா மொழிகளிலிருந்தும் படங்கள் முட்டி மோதின. தேர்வு செய்த நடுவர் குழுவில் 12 பேர். ஒரு படம் சராசரியாக இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 384 படங்களைப் பார்த்து முடிக்க 768 மணி நேரம் வேண்டும். ஒருவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் திரை முன் உட்கார்ந்தால் 96 நாள். வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு மூன்று மாதம் இருட்டறையில் உட்கார யாராலும் முடியாது. உங்களை அப்படி உட்காரச் சொல்லும் உரிமையும் யாருக்கும் கிடையாது. ஆகவே படங்களைப் பிரித்துத்தான் பார்க்கிறீர்கள், பிரித்துத்தான் பார்த்தாக வேண்டும். இதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. எப்படிப் பிரித்தீர்கள், ஒரு படத்தை எத்தனை பேர் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் பார்த்தீர்கள் என்பதை விழா முடிந்த பிறகாவது எழுதி வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உங்கள் ரசனையை நான் கேள்வி கேட்கவில்லை. தேர்வு என்றாலே ஒன்றை எடுத்து மற்றதை விடுவதுதான். விடுபட்ட படத்தை எடுத்தவருக்கு அது அநியாயமாகத்தான் படும், எடுக்கப்பட்ட படத்தின் இயக்குநருக்கு உங்களைவிட நேர்மையானவர்கள் உலகில் இருக்க மாட்டார்கள். அந்தச் சண்டைக்குள் நுழைய எனக்கு விருப்பமில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ச் செய்தித்தாள்களில் இது எப்போதும் குழம்பிக் கிடக்கிறது. விருது கொடுக்கும் நடுவர்கள் வேறு, விழாவுக்குள் படத்தை அனுமதிப்பவர்கள் வேறு. 2022இல் கோவா விழாவின் நிறைவு நாளில் நடுவர் குழுத் தலைவர் நடாவ் லாபிட், சர்வதேசப் போட்டியிலிருந்த 15 படங்களில் ஒன்றான 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' அந்தப் போட்டிக்குப் பொருந்தாத பிரச்சாரப் படம் என்று மேடையிலேயே சொன்னார். நாடே அவரைப் பற்றிப் பேசியது. அந்தப் படத்தைப் போட்டிக்குள் கொண்டுவந்தது யார், எந்த அளவுகோலில் என்ற கேள்வியை அநேகமாக யாரும் கேட்கவில்லை. மேடையில் நிற்பவர் மீது வெளிச்சம் விழுகிறது. வாசலில் நின்று உள்ளே விடுபவரை எவரும் பார்ப்பதில்லை. உண்மையான அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. பரிசு கிடைக்காத படத்தைக்கூட நூறு பேர் பார்த்திருப்பார்கள், உள்ளே விடப்படாத படத்தை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

2023இல் கேரளத்தில் எழுந்த ஒரு தகராறு இதற்கு நல்ல சான்று. கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குத் தன் படத்தை அனுப்பி நிராகரிக்கப்பட்ட மலையாள இயக்குநர் ஒருவர், தான் அனுப்பிய விமியோ காணொளித் தள இணைப்பின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து காட்டினார். சுயாதீனப் படம் எடுக்கும் எல்லோருக்கும் அந்தப் பக்கம் தெரியும். எந்த நாளில், எந்த ஊரிலிருந்து, எத்தனை முறை படம் ஓடியது, சராசரியாக எத்தனை விழுக்காடு ஓடி நின்றது என்று அது சொல்லும். விழாவுக்கு விண்ணப்பித்தவர்கள் இரவில் தூங்காமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் படம் பார்க்கப்பட்டதற்கான தடயமே அதில் இல்லை என்பது அந்த இயக்குநரின் குற்றச்சாட்டு. இணைய வேகம் தடைபடாமல் இருக்கப் படங்களைத் தரவிறக்கம் செய்து பார்க்கிறோம், அதனால் அங்கே பதிவாகாது என்று விழாவை நடத்தும் சலச்சித்ர அகாதமி பதில் சொன்னது. பதில் நம்பக்கூடியதுதான். தரவிறக்கிப் பார்ப்பது நடைமுறையில் உள்ள வழக்கம். ஆனால் இந்த இரண்டு கூற்றுகளில் எது சரி என்று மூன்றாவது ஆள் ஒருவர் தீர்மானிக்க ஒரு சிறு காகிதம்கூட இல்லாமல் போனதுதான் பிரச்சினை. இந்தப் படத்தை இன்ன தேதியில், இன்ன மூன்று உறுப்பினர்கள், இறுதிவரை பார்த்தார்கள் என்று ஒரு பதிவேட்டு வரி இருந்திருந்தால் தகராறு அன்றே முடிந்திருக்கும். அகாதமியின் நேர்மையும் காப்பாற்றப்பட்டிருக்கும். பதிவேடு இல்லாத இடத்தில் நேர்மையானவர்களும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள் என்பதை நீங்கள் உங்கள் தரப்பு வாதமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

'இறுதிவரை' என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குவியும் படங்களுக்கு நடுவே முதல் பத்து, பதினைந்து நிமிடங்களில் முடிவெடுத்துவிடும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அதை மனிதச் சோர்வின் கணக்கில்தான் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பழக்கம் எல்லாப் படங்களையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. நட்சத்திரம் நடித்த, முதல் காட்சியிலேயே இழுத்துப் பிடிக்கிற படத்துக்கு அதனால் கேடில்லை. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' போன்ற படத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. குடிகாரத் தகப்பன் ஒருவன் மகனைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்கிறான். பேருந்தில் போகிறான், மறுபடி நடக்கிறான். காட்சியில் கிட்டத்தட்ட வேறொன்றும் நடக்காது. அந்த நடையும் வெயிலும் சேர்ந்து சேர்ந்து கனப்பதுதான் படம். பத்து நிமிடத்தில் நிறுத்தினால், கதையே இல்லாத கிராமத்துப் படம் என்று எழுதி அடுத்ததைத் திறக்கலாம். முழுக்கப் பார்த்த ரோட்டர்டாம் விழா 2021இல் அதற்கு டைகர் விருதைக் கொடுத்தது. அவருடைய அடுத்த படமான 'கொட்டுக்காளி' பின்னணி இசையே இல்லாமல் 2024இல் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவுக்குப் போனது. மெதுவாகத் தொடங்கும் படங்களை எடுப்பவர்கள் பெரும்பாலும் பணமும் பின்பலமும் இல்லாதவர்கள். பாதியில் நிறுத்தும் பழக்கம் அவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளும். கூடவே மொழி என்ற தடை. தமிழ் தெரியாத உறுப்பினர் அவசரத்தில் செய்யப்பட்ட ஆங்கிலத் துணை உரையை நம்பி நம் படத்தைப் பார்க்கிறார். மதுரைப் பேச்சின் குத்தலும் கேலியும் அதில் எங்கே நிற்கும்?

ரோட்டர்டாம், பெர்லின் என்று சொன்னதும், அங்கெல்லாம் எல்லாம் ஒழுங்கு, இங்கேதான் கோளாறு என்று நான் வாதிடப் போவதாக நினைக்க வேண்டாம். அங்கேயும் திறந்த வாசல் ஒன்று, பக்கத்து வாசல் பல. அருண் கார்த்திக்கின் 'நசீர்' 2020இல் ரோட்டர்டாம் டைகர் போட்டியில் இருந்தது. அந்தப் படத்துக்கு அதே விழாவைச் சேர்ந்த ஹூபர்ட் பால்ஸ் நிதியின் ஆதரவு படம் எடுக்கப்படும் முன்பே கிடைத்திருந்தது. பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' 2024இல் கான் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்தபோது, 1994இல் ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்' படத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகளில் அங்கே போன முதல் இந்தியப் படம் என்று கொண்டாடினோம். கிராண்ட் ப்ரீ விருதும் வந்தது. அதற்கு முன் அவருடைய குறும்படம் ஒன்று 2017இல் கானின் மாணவர் பிரிவுக்கும், 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' என்ற ஆவணப்படம் 2021இல் அங்கேயே இயக்குநர்களின் பதினைந்து நாள் பிரிவுக்கும் போயிருந்தன. பிரெஞ்சுத் தயாரிப்பாளர்கள் உடன் இருந்தார்கள். இதில் சூழ்ச்சி எதுவும் கிடையாது. விழாக்கள் தங்களுக்குத் தெரிந்த படைப்பாளியைப் பின்தொடர்கின்றன, தாங்கள் நம்பி விதைத்ததை அறுவடை செய்கின்றன. நல்ல படங்களும் அப்படித்தான் வளர்கின்றன. ஆனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கட்டணம் கட்டும் கடலூர்க்காரரோ காரைக்கால்காரரோ, விழாவின் எல்லா இடங்களும் தனக்குத் திறந்திருப்பதாக நம்பித்தான் கட்டுகிறார். அவற்றில் எத்தனை இடம் அழைப்பின் பேரில் நிரம்பியது, எத்தனை இடம் நேர் விண்ணப்பத்தில் நிரம்பியது என்ற ஒரே ஓர் எண் அவருக்குத் தெரிந்தால், எங்கே பணத்தைச் செலவழிப்பது என்று அவரே தீர்மானித்துக்கொள்வார். இந்த எண்ணை அநேகமாக எந்த விழாவும் விரும்பிச் சொல்வதில்லை. நான் கேட்பவற்றில் முக்கியமானதும் இதுதான்.

கட்டணம் என்று வந்ததால் அதையும் பேசிவிடலாம். 2014இல் ஃபிலிம்ஃப்ரீவே என்ற இணையத்தளம் வந்தபிறகு உலகின் ஆயிரக்கணக்கான விழாக்களுக்கு ஒரு பொத்தானை அழுத்திப் படம் அனுப்பலாம் என்றாகிவிட்டது. நன்மைதான். ஆனால் அதே பொத்தானின் மறுமுனையில், அரங்கமும் பார்வையாளரும் இல்லாமல் மாதந்தோறும் விருது வழங்கும் 'சர்வதேச விழாக்கள்' முளைத்திருக்கின்றன. அவற்றின் தொழில் விண்ணப்பக் கட்டணம் வசூலிப்பது. சரக்கு, படச் சுவரொட்டியின் மேல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் இரட்டை இலைக்கொத்து. நம் ஊர்க் குறும்படச் சுவரொட்டிகளில் நடிகரின் முகத்தைவிட இந்த இலைகள் அதிக இடம் பிடித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கான் நகரின் பெயரும் இப்படித்தான் செலாவணியாகிறது. விழாவோடு சேர்ந்து நடக்கும் திரைப்படச் சந்தையில் பணம் கட்டி அரங்கு எடுத்து யாரும் தங்கள் படத்தைப் போடலாம். ஊருக்குத் திரும்பினால் 'கான் விழாவில் திரையிடப்பட்டது' என்று செய்தி வரும். 2017இல் ஒரு காட்சிகூடப் படமாக்கப்படாத 'சங்கமித்ரா'வுக்கு அங்கே அறிமுக விழாவே நடந்தது. போலி விழாக்களுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். போலிக்கும் அசலுக்கும் வேறுபாடு தெரிய வெளியே ஓர் அடையாளம் வேண்டுமல்லவா? அசல் விழா தன் தேர்வு முறையைத் திறந்து காட்டினால் போலிக்குக் காட்ட எதுவும் இருக்காது. இரண்டுமே மூடி வைத்திருக்கும்வரை, சாதாரண மனிதர் கண்ணுக்கு இரண்டும் ஒரே இலைக்கொத்துதான்.

அடுத்தது, உங்கள் கையைவிட்டுப் போன பிறகு நடப்பது. 2017இல் பனோரமாவுக்காக 13 பேர் கொண்ட நடுவர் குழு தேர்ந்தெடுத்துக் கொடுத்த பட்டியலில் சனல் குமார் சசிதரனின் 'எஸ் துர்கா'வும் ரவி ஜாதவின் 'நியூட்' படமும் இருந்தன. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட பட்டியலில் அவை இல்லை. குழுவின் தலைவர் சுஜாய் கோஷ் பதவி விலகினார், வேறு சிலரும் விலகினார்கள். 'எஸ் துர்கா'வைத் திரையிடும்படி கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் தணிக்கைச் சான்றிதழில் சிக்கல் கிளப்பப்பட்டு, விழா முடியும்வரை படம் திரைக்கு வரவேயில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய படம் அது. 2004 மும்பை ஆவணப்பட விழாவிலும் ஏறக்குறைய இதே கதை. குஜராத் கலவரங்களைப் பற்றிய ராகேஷ் சர்மாவின் 'ஃபைனல் சொல்யூஷன்' அங்கே நிராகரிக்கப்பட்டது, அதே பிப்ரவரியில் பெர்லினில் விருது பெற்றது. ஆவணப்பட இயக்குநர்கள் சும்மா இருக்கவில்லை. 'விகல்ப்' என்ற பெயரில், விழா நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், மும்பையிலேயே மாற்று விழா நடத்தினார்கள். 2017இல் திருவனந்தபுரத்தில் சசிதரனும் நண்பர்களும் 'காழ்ச்ச' என்ற மாற்று விழாவை நடத்தியதும் இந்த வரிசையில் வருவதுதான்.

நமக்குப் பழைய உறவுள்ள பிரான்சிலும் தேர்வில் அரசு கை வைப்பதும் அதற்கு எதிராக மாற்று பிறப்பதும் நடந்திருக்கின்றன என்பதைப் புதுச்சேரிக்காரன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். கான் விழாவில் 1972 வரை ஒவ்வொரு நாட்டின் அரசும்தான் தன் நாட்டுப் படத்தைத் தேர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தது. எது நாட்டின் பெருமை என்பதை அதிகாரிகள் முடிவு செய்தார்கள். 1968 மே மாதக் கொந்தளிப்பில் அந்த ஆண்டு விழாவே பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு இயக்குநர்களின் சங்கம் தானே ஒரு பிரிவைத் தொடங்கியது. பாயல் கபாடியாவின் ஆவணப்படம் போனதாக மேலே சொன்ன இயக்குநர்களின் பதினைந்து நாள் பிரிவு அதுதான். மூன்று ஆண்டுகள் கழித்து, அரசுகளின் கையிலிருந்த தேர்வை விழா தானே எடுத்துக்கொண்டது. பெர்லினிலும் 1970இல் ஒரு படத்தைச் சுற்றிக் கலவரமாகிப் போட்டியே ரத்தானது. மறு ஆண்டு ஃபோரம் பிரிவு பிறந்தது. 'கொட்டுக்காளி' போனது அங்கேதான். இந்த உதாரணங்களில் எனக்குத் தெரிவது இதுதான். தேர்வு எப்படி நடக்கிறது என்பது வெளியே தெரியாத இடத்தில் மேலிருந்து எவரும் கை வைக்கலாம், வைத்த கையின் அடையாளமும் தெரியாது. 2017இல் இரண்டு படங்கள் நீக்கப்பட்டுச் சர்ச்சை எழுந்த பிறகுதான் நடுவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பதே நாட்டுக்குத் தெரிந்தது. நடுவர் குழுவின் பட்டியலைக் கையெழுத்தோடு அன்றே பொதுவில் வைக்கும் வழக்கம் இருந்திருந்தால், அமைச்சகம் இரண்டு படங்களை நீக்குவதற்கு முன் இரண்டு முறை யோசித்திருக்கும். வெளிப்படைத்தன்மையை உங்கள் மீதான கண்காணிப்பாகப் பார்க்காதீர்கள். உங்கள் முடிவுக்கு வேறு பாதுகாப்பும் இல்லை.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளை நான் யோசிக்காமல் இல்லை. 384 பேருக்கும் காரணம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, எழுதவும் வேண்டாம். காரணம் எழுதத் தொடங்கினால் அது சடங்காகி, எல்லோருக்கும் ஒரே வாக்கியம் போகும். 'இந்த ஆண்டு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் படங்கள் வந்ததால்' என்ற வகையில் போகும் மறுப்புக் கடிதங்களின் லட்சணம் நமக்குத் தெரிந்ததுதானே. ரசனைக்கு விளக்கம் தேவையில்லை, நடைமுறைக்குக் கணக்கு போதும். உறுப்பினர்களின் பெயரைச் சொன்னால் சிபாரிசுத் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கிவிடும் என்பது இன்னும் கனமான மறுப்பு. நம் நாட்டில் அது நிஜமான தொல்லை. ஆனால் பட்டியல் வெளியாகும் நாளில் பெயர்களை வெளியிட்டால் போதும் என்றுதான் கேட்கிறேன். பனோரமா நடுவர்களின் பெயர் அப்படித்தான் வெளியாகிறது. மேலும், யார் தேர்வுக் குழுவில் இருக்கிறார்கள் என்பது சிபாரிசு செய்யக்கூடிய இடத்தில் இருப்பவர்களுக்கு எப்போதும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பது திண்டிவனத்திலிருந்து முதல் படம் அனுப்புகிறவருக்கு மட்டும்தான்.

ஆள் இல்லை, நிதி இல்லை என்பது சின்ன விழாக்களின் மறுப்பு. ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எண்ணுவதற்குத் தனியாக ஆள் வேண்டாம். எந்தப் படம் எப்போது வந்தது, யாருக்குப் போனது, என்ன மதிப்பெண் என்று ஏதோ ஓர் எக்செல் தாளில் ஏற்கெனவே இருக்கிறது. அது இல்லாமல் உங்களாலேயே வேலை செய்ய முடியாது. அதன் கூட்டுத்தொகையைத்தான் கேட்கிறேன். அமெரிக்காவின் சன்டான்ஸ் விழா 2024இல் 17,435 படைப்புகள் வந்தன என்றும் அவற்றில் முழுநீளப் படங்கள் 4,410 என்றும் தானாகவே அறிவித்தது; தேர்வான முழுநீளப் படங்கள் நூற்றுக்கும் குறைவு. கான் விழா 2025இல் தனக்கு வந்தவை 2,909 முழுநீளப் படங்கள் என்றது. கோவாவும் வந்த படங்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது, மேலே நான் போட்ட கணக்கே அதை வைத்துப் போட்டதுதான். இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்தால் போதும்.

நட்சத்திரம் இல்லாவிட்டால் விளம்பரதாரர் வர மாட்டார், கூட்டம் வராது என்றும் சொல்வீர்கள். உண்மை. 2024 டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவின் தமிழ்ப் போட்டியில் சிறந்த படமாகத் தேர்வானது 'அமரன்'. தீபாவளிக்கு வந்து தமிழ்நாடெங்கும் ஓடி வசூலை அள்ளிய படம். அதன் தரத்தைப் பற்றி எனக்குச் சச்சரவு இல்லை. அரங்கு கிடைக்காமல் நிற்கும் படத்தோடு அதை ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. செழியனின் 'டூ லெட்' 2017இல் கொல்கத்தா விழாவில் இந்தியப் படங்களுக்கான விருதை வாங்கியது. தமிழ்நாட்டுத் திரையரங்குக்கு வர 2019 ஆனது. விழாவின் தயவு வேண்டியிருப்பது அப்படிப்பட்ட படத்துக்குத்தான். பனோரமா வெகுஜனப் படங்களுக்கு ஐந்து இடம் என்று வெளிப்படையாகவே ஒதுக்கிவிடுகிறது. அதை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் விதி எழுதியிருக்கிறது. சென்னையிலும் அப்படி எழுதிவிட்டால், மிச்சமுள்ள இடங்கள் யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகும். தமிழக அரசின் நிதி உதவியும் பெறுகிற விழாவிடம் இதைக் கேட்பது அதிகப்படியாகாது.

கடைசியாக எங்கள் ஊருக்கு வருகிறேன். புதுச்சேரி அரசின் செய்தி விளம்பரத் துறை, நவதர்ஷன் திரைப்படக் கழகத்தோடும் அலியான்ஸ் பிரான்சேஸோடும் சேர்ந்து நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவில், சிறந்த தமிழ்ப் படத்தின் இயக்குநருக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் விருது கொடுக்கிறது. நாடகத்துக்காக ஊர் ஊராகப் போய், 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் கண்ணை மூடி, கருவடிக்குப்பத்தில் அடக்கமானவரின் பெயரில் அமைந்த விருது. 'பரியேறும் பெருமாள்', 'ஒத்த செருப்பு சைஸ் 7' போன்ற படங்களுக்கு அது போயிருக்கிறது. இவற்றில் எதையும் தவறான தேர்வு என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய விழாக்களோடு ஒப்பிட்டால் இது சிறிய விழா, மரியாதையான விழா. ஆனால் செய்தித்தாளில் நமக்குக் கிடைப்பது படத்தின் பெயர், இயக்குநரின் பெயர், பரிசுத் தொகை ஆகிய மூன்றும்தான். எத்தனை படங்கள் பரிசீலனைக்கு வந்தன, பார்த்தவர்கள் யார், திரையரங்குக்கே வராத படம் ஒன்று இதற்கு விண்ணப்பிக்கலாமா என்பவை செய்தியில் இருப்பதில்லை. தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டையைக் கொண்டுபோகிற விவசாயிக்கு, தன் குவியலுக்கு எத்தனை வியாபாரிகள் விலை கேட்டார்கள், எது உச்ச விலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. விலை பிடிக்காவிட்டால் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டும் போகலாம். அந்த அளவு மரியாதை இரண்டு ஆண்டு உழைத்து ஒரு படத்தை எடுத்தவருக்கும் கிடைக்க வேண்டும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். வந்த படங்கள் எத்தனை, அவற்றில் அழைப்பின் பேரில் வந்தவை எத்தனை, ஒவ்வொரு படத்தையும் குறைந்தது இரண்டு பேர் இறுதிவரை பார்த்தார்களா, பார்த்தவர்கள் யார் யார், குழு கொடுத்த பட்டியலுக்கும் வெளியான பட்டியலுக்கும் வேறுபாடு இருந்தால் அது எங்கே நேர்ந்தது என்பதை விழாக் கையேட்டின் ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். கோவாவும் சென்னையும் யோசித்துக்கொண்டிருக்கட்டும். இதை முதலில் செய்ய வசதியான அளவில் இருப்பது புதுச்சேரி விழாதான். செய்ய வைக்கக்கூடிய முதல்வரை 2021 தேர்தலில் சட்டமன்றத்துக்கு அனுப்பியதும் இந்தத் தட்டாஞ்சாவடித் தொகுதிதான். அடுத்த விழாவின் கையேட்டில் அந்தப் பக்கத்தை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தட்டாஞ்சாவடியிலிருந்து ஒரு பார்வையாளர்